கிளுவை வேலியும் வைட் துரையும்

குன்னத்தூரிலிருந்து எந்தத் திசையை நோக்கிப் புறப்பட்டாலும், ஊரின் கடைசி வீட்டைக் கடந்த சிறிது தூரத்துக்கெல்லாம், கோடையில் இலையுதிர்த்து முள்ளும் கொம்புமாய் நிற்பதும், முதல் மழை மண்ணைத் தொட்ட சில நாட்களிலேயே பச்சைப் போர்வை போர்த்திக்கொள்வதுமாகிய கிளுவை வேலிகள் சாலையோரமாக நம்மோடு கூடவே வரக் காணலாம். கொம்பை ஒடித்து ஊன்றினால் போதும். நீர் கேளாமலும் உரம் கேளாமலும் வேர்விட்டு, ஆடுமாடுகள் வெள்ளாமைக் காட்டுக்குள் நுழையாதபடி தலைமுறை தலைமுறையாகக் காவல் நிற்கும் இச்செடியைக் கொங்கு நாட்டுக் குடியானவர் எவருக்கும் யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

அந்த வேலிகளுக்கு நடுவே, விடிந்தும் விடியாத நேரத்தில், திருப்பூரை நோக்கிப் பனியன் கம்பெனி வண்டிகள் விரைகின்றன. பாட்டனும் பூட்டனும் ஏர் பிடித்த குடும்பங்களிலே பிறந்தவர்கள், இன்று கட்டிங் மேஜைகளிலும் ஓவர்லாக் மெஷின்களிலும் தங்கள் ஜீவனத்தைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். பஞ்சின் கடைசி வடிவத்தை நாள்தோறும் கைகளால் தொட்டு வாழ்கின்ற நமக்கு, அதன் முதல் வடிவமாகிய பருத்திச் செடியோ கண்ணுக்கு அரிதாகிவிட்டது. அச்செடி இந்த மண்ணிலே எத்தகைய சோதனைகளுக்கு ஆளாயிற்று, அதன் பொருட்டுக் கடல் கடந்து வந்து தம் வாழ்வின் பதினோரு ஆண்டுகளைக் கோயம்புத்தூரில் செலவிட்ட ஒரு தாவர சாஸ்திரி யார், அவர் எதில் தோற்றார், எதில் வென்றார் என்ற வரலாற்றை நாம் ஒருமுறையேனும் நினைத்துப் பார்ப்பது நன்றியுள்ள செயலாகும் என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய எண்ணம்.

அவர் பெயர் ராபர்ட் வைட். 1796-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில், வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1818-இல் பட்டம் பெற்றார். அக்காலத்திலே வைத்தியம் கற்பவன் மருந்துச் சரக்குகளின் மூலமாகிய செடிகொடிகளையும் கற்றாக வேண்டும் என்பது விதியாக இருந்தபடியால், ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசைக்குப் புறப்பட்ட வைத்தியர்களுள் பலர் தாவர சாஸ்திரிகளாகவும் விளங்கினர். வைட்டும் அவ்வழியில் வந்தவரே. 1819-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் உதவி ரண வைத்தியராகச் சென்னை ராஜதானிக்கு வந்து சேர்ந்த அவர், பட்டாளத்தோடு ஊர் ஊராய்ப் பெயர்ந்த இடங்களிலெல்லாம், ஓய்வு கிடைத்த பொழுதுகளில் செடிகளைப் பறித்துக் காகிதங்களுக்கிடையே வைத்து உலர்த்திச் சேர்ப்பதையே தம் பொழுதுபோக்காகவும் பின்னர் தம் தவமாகவும் கொண்டார்.

1826-இல் சென்னை அரசாங்கம் அவரை இயற்கைப் பொருள் ஆராய்ச்சியாளராக நியமித்தது. அவ்வுத்தியோகத்தின் பயனாகத் தென்னாடு முழுவதும் சுற்றித் தாவரங்களைத் தொகுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1828-இல், அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டது. வைட் மறுபடியும் பட்டாள வைத்தியராகி நாகப்பட்டினத்துக்குப் போனார். உத்தியோகம் போயிற்றே என்று கை சோர்ந்துவிடாமல், அங்கிருந்தபடியே தம் சொந்தப் பணத்தில் ஆட்களை அமர்த்திச் செடிகளைச் சேகரித்து, கிளாஸ்கோ நகரத்துத் தாவரவியல் ஆசிரியர் ஹூக்கருக்குச் சித்திரங்களோடும் குறிப்புகளோடும் அனுப்பிவந்த அவருடைய உறுதியை எண்ணும்போது, சம்பளத்துக்குச் செய்யும் தொழில் வேறு, சித்தத்தைக் கொடுத்துச் செய்யும் தொழில் வேறு என்னும் உண்மை நமக்கு விளங்குகிறது.

1831-இல் மூன்றாண்டு விடுமுறை பெற்றுத் தாயகம் சென்றபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் உலர்த்திய தாவர மாதிரிகள் அவரோடு கப்பலேறின. அவற்றின் எடை இரண்டு டன் என்பர். ஸ்காட்லாந்தில் தம் நண்பர் வாக்கர் ஆர்னாட்டுடன் கூடி உழைத்து, 1834-இல் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய 'புரோட்ரோமஸ்' என்னும் லத்தீன் பெயர் கொண்ட நூலின் முதற் பாகத்தை வெளியிட்டார். அந்நூலின் சிறப்பு அது செடிகளை வரிசைப்படுத்திய முறையில் இருந்தது. அதற்கு முன் வழக்கிலிருந்த லின்னேயஸின் முறையோ, ஒரு பூவிலே மகரந்தக் கேசரங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை ஒத்தவற்றை ஒரே வகுப்பில் இருத்துவது. கைவிரல் எண்ணிக்கையை வைத்து மனிதருக்குள் உறவு கொண்டாட முடியாதல்லவா? குலமும் கூட்டமும் பார்த்து, பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று வகை தெரிந்து பழகுகின்ற கொங்கு நாட்டாருக்கு எளிதில் விளங்கக்கூடிய வேறொரு முறையை, அதாவது வேர், இலை, பூ, காய், விதை ஆகிய எல்லா உறுப்புகளையும் சீர்தூக்கி உண்மையான உறவினங்களைக் குடும்பங்களாகச் சேர்க்கும் இயற்கை முறையை, வைட்டும் ஆர்னாட்டும் கைக்கொண்டனர்.

நம்முடைய கிளுவையும் இவ்விடத்தில்தான் இவ்வரலாற்றுக்குள் நுழைகிறது. சாஸ்திர உலகத்திலே முள்கிளுவைக்கு வழங்கும் 'கோம்மிஃபோரா பெர்ரியை' என்ற பெயரின் பிற்பாதியைச் சூட்டியவர் இதே ஆர்னாட். சென்னையில் இருந்த பெர்ரி என்னும் வைத்தியரின் நினைவாக அது அமைந்தது. அதே கிளுவை இனத்தைச் சேர்ந்ததும், வைத்திய சாஸ்திரங்கள் போற்றுவதுமாகிய குக்குலுச் செடிக்கு, தம் நண்பரின் பெயரால் 'வைட்டியை' என்று பெயரிட்டவரும் அவரே. ஆகவே, நம் வேலியோரத்துக் கிளுவையும் வைட்டின் பெயர் தாங்கிய குக்குலுவும் ஒரு தாய் வயிற்று மக்களைப் போன்றவை.

வைட் இந்தியாவுக்குத் திரும்பி வந்த பிறகு, 1836-இல், பருத்தி, புகையிலை, நிலாவரை முதலிய விளைபொருள்களைப் பற்றியும் பொதுவாக வேளாண்மையைப் பற்றியும் விசாரித்து அறிக்கை செய்யும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. தாவரங்களின் உறவுமுறையை ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவர் சந்தைச் சரக்காகிய பருத்தியின் பக்கம் திருப்பப்பட்டதற்குக் காரணம் மான்செஸ்டரில் இருந்தது. அந்நாளில் இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்குத் தேவையான பஞ்சில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து, அடிமைகளாக்கப்பட்ட கறுப்பு மக்களின் உழைப்பால் விளைந்து வந்தது. ஒரே நாட்டை நம்பியிருப்பது அபாயம் என்று ஆலை முதலாளிகள் அஞ்சினர். கும்பினியின் ஆட்சியிலிருந்த இந்தியாவில் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்க வேண்டுமென்று வற்புறுத்தினர். அதன் விளைவாக 1840-இல் அமெரிக்கத் தோட்டக்காரர் பதின்மர், தங்கள் விதைகளோடும் கலப்பைகளோடும் கொட்டை நீக்கும் யந்திரங்களோடும் இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டனர். சென்னை ராஜதானியின் பங்குக்கு வந்தவர்கள் கோயம்புத்தூர்ச் சீமைக்கு அனுப்பப்பட்டார்கள். 1842-இல் அச்சோதனைப் பண்ணைகளின் மேலதிகாரியாக வைட் நியமனம் பெற்றார். 1853 வரை அப்பொறுப்பு அவரிடமே இருந்தது.

அந்தக் காலத்துக் கோயம்புத்தூர் ஜில்லா என்பது இன்றைய நான்கெல்லைகளுக்குள் அடங்கியதன்று. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமாகப் பிறந்ததும், அதற்கு முன் ஈரோடு பிரிந்ததும் நம் காலத்துச் செய்திகள். வைட் துரை பொறுப்பேற்ற போது குன்னத்தூரும், ஊத்துக்குளியும், பெருந்துறையும், காங்கயமும் ஆகிய இந்த மேட்டுக்காடுகள் யாவும் அந்த ஒரே ஜில்லாவின் அங்கங்களாகவே இருந்தன.

இச்சீமையில் பருத்தி புதியதன்று. அமெரிக்க விதை வருவதற்கு முன்பே இங்கே இரண்டு பருத்திகள் குடியானவரின் நம்பிக்கைக்குப் பாத்திரமாயிருந்தன. கரிசல் நிலத்துக்கு உப்பம் பருத்தி. செம்மண் நிலத்துக்கு நாடம் பருத்தி. உப்பம் ஓராண்டுப் பயிர். நாடமோ ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் நின்று பலன் தருவது. அதற்கிடையே கம்போ சோளமோ விதைத்துக்கொள்ளலாம். மழை பொய்த்தால் தானியம் போகலாம், ஆனால் ஆணிவேரை ஆழச் செலுத்திய நாடம் முற்றிலும் கைவிட்டுவிடாது. பஞ்சு விற்றுத் தீர்வை கட்டலாம். பருத்திக்கொட்டையை ஆட்டிக் கறவை மாட்டுக்கு வைக்கலாம். காய்ந்த பருத்திமாரை அடுப்பெரிக்கலாம். ஊத்துக்குளி வெண்ணெய்க்கு ஊரெல்லாம் பெயர் வாங்கிக்கொடுத்த இந்த மாட்டு நாட்டிலே, பருத்தி என்றால் நூல் மட்டுமன்று, பாலும் அதிலிருந்தே வந்தது என்பதை மறந்துவிடலாகாது.

இத்தகைய ஏற்பாட்டுக்குள்ளேதான் அமெரிக்கப் பருத்தி வந்து நின்றது. அதன் இழை நீளமானது. மான்செஸ்டர் தறிகளுக்கு உகந்தது. ஆனால் இழையின் நீளம் ஆலைக்காரருடைய கணக்கு. குடியானவருக்கு வேறு கணக்கு இருந்தது. அமெரிக்கச் செடி பிறந்து வளர்ந்த நாட்டில் வசந்தகாலத்தில் விதைத்து, கோடை முழுதும் அடிக்கடி பெய்யும் மழையில் வளர்த்து, குளிர் தொடங்குமுன் பஞ்செடுப்பார்கள். இங்கேயோ ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் ஒரே மூச்சில் பெய்து, பின்னர் மாதக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடக்கிறது. காற்று ஒன்று, மண் ஒன்று, மழையின் கால அட்டவணை மற்றொன்று. இவை யாவும் மாறிய இடத்தில், பழைய பழக்கத்தின்படியே விதைத்தால் செடி என்ன செய்யும்? பூக்கும் தருணத்தில் ஈரம் வற்றிப்போக, சப்பையும் பிஞ்சும் உதிரும். தத்துப்பூச்சி இலையின் சாற்றை உறிஞ்ச, செடி சிவந்து சுருண்டுபோகும்.

இடையூறு பயிரோடு நிற்கவில்லை. அமெரிக்கர் கொண்டுவந்த ரம்பப் பல் யந்திரம் அந்நாட்டுப் பருத்திக்கென்றே அமைந்தது. குட்டை இழையுடைய நம் நாட்டுப் பருத்தியை அதிலிட்டால் பஞ்சு அறுபட்டது. நம் பெண்மக்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கையால் சுழற்றிக் கொட்டை பிரித்த மரமணையோ, மெதுவாக வேலை செய்தாலும் இழையைப் புண்படுத்தவில்லை. விலையுயர்ந்த யந்திரத்தை வைத்துக்கொண்டு, அதற்கேற்ற பருத்தியைத் தேடி அலைய வேண்டிய நிலைமை பண்ணைகளுக்கு ஏற்பட்டது.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த குடியானவர், தம் காட்டிலே அமெரிக்க விதையைத் தூவ அவசரப்படவில்லை. இது மூடத்தனம் என்றும் பழமைப்பிடி என்றும் அதிகாரிகளிற் சிலர் எழுதினர். நான் அவ்வாறு எண்ணவில்லை. ரயத்துவாரி ஏற்பாட்டின்படி, விளைந்தாலும் விளையாவிட்டாலும் நிலத்தீர்வையைப் பணமாகக் கட்டித் தீரவேண்டிய ஒருவன், மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏமாற்றக்கூடிய உயர்ந்த பருத்தியைக் காட்டிலும், எந்த ஆண்டிலும் ஏதேனும் கொடுக்கும் எளிய பருத்தியை விரும்பியது விவேகமே ஆகும். அவனுடைய மறுப்பு எழுத்தில் வடிக்கப்படாத ஓர் ஆராய்ச்சி முடிவு. பல நூறு ஆண்டு மழையையும் வறட்சியையும் அளந்து பெற்ற முடிவு.

வைட்டின் பெருமை என்னவென்றால், மற்றவர்கள் மண்ணையோ மக்களையோ குறை கூறி ஒதுங்கியபோது, அவர் மழைக் கணக்கையும் விதைப்புப் பருவத்தையும் ஆராய்வதில் தம் அறிவைச் செலுத்தினார். அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடுவது தவறு. இந்நாட்டுப் பருவத்துக்கேற்ப விதைப்பையும் சாகுபடியையும் மாற்றிக்கொண்டால், அந்தப் பருத்தி இங்கே வேரூன்றத் தடையில்லை என்பது அவருடைய துணிபு. சில பருவங்களில் பண்ணை நன்றாகவும் விளைந்தது. ஆயினும் ஆண்டுகள் கழிந்தும் சுற்றுவட்டாரத்துக் காடுகளுக்கு அது பரவாமற்போகவே, 1853-இல் சோதனை முடிவுக்கு வந்தது. வைட்டும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கும்பினியின் கணக்குப் புத்தகத்தில் அது தோல்வி என்றே பதிந்தது.

ஆனால் அதே ஆண்டு வேறொரு கணக்கும் முடிவுக்கு வந்தது. பகலில் பருத்திப் பண்ணைகளைப் பார்த்துவந்த அந்தப் பதினோரு ஆண்டுகளிலும், அதற்கு முன்னரும், தென்னிந்தியத் தாவரங்களை ஒவ்வொன்றாகச் சித்திரமாக்கி அச்சிடும் பெரும்பணியை அவர் கைவிடவேயில்லை. 1838-இல் தொடங்கிய 'ஐகோன்ஸ்' என்னும் சித்திரத் தொகுதி, 1853-இல் 2,101 படங்களோடு ஆறு பாகங்களாக நிறைவெய்தியது. நீலகிரியின் தாவரங்களுக்கென்று தனியாக ஒரு நூலும், இந்தியத் தாவர இயலை விளக்கும் வேறொரு நூலும் இதே காலத்தில் வெளிவந்தன. புதியனவென்று அவர் உலகுக்கு விவரித்த இனங்கள் 1,267, பேரினங்கள் 110. கோயம்புத்தூரிலிருந்து பார்க்கும் தூரத்தில் மேகம் தவழ்ந்த மேற்கு மலைத்தொடரும் நீலகிரியும் அந்தச் செல்வத்தைத் திறந்து கொடுத்தன.

இத்தனை படங்களையும் வரைந்தவை வைட்டின் கைகள் அல்ல. ரங்கய்யா, கோவிந்து என்னும் இரண்டு ஓவியர்கள், ஒருவர்பின் ஒருவராக அவரிடம் பணியாற்றினர். தெலுங்கு மரபைச் சேர்ந்தவர்கள். கோயில் சுவரிலும் அரண்மனைத் திரையிலும் தெய்வங்களையும் அரசர்களையும் தீட்டப் பழகிய தூரிகை மரபிலே வந்தவர்கள், ஒரு காட்டுப் பூவின் சூலகத்தைக் குறுக்கே வெட்டி, பூதக்கண்ணாடியில் தெரியும் அறைகளையும் விதைகளையும் கணக்குப் பிசகாமல் வரைந்தார்கள் என்பதை நினைத்தால் வியப்பு மேலிடுகிறது. பறித்த செடி வாடுவதற்குள் வரைந்தாக வேண்டும். இலையின் நரம்பு, பூவின் கேசரம், காயின் வெடிப்பு இவற்றில் ஒன்று தவறினாலும் சாஸ்திரத்தில் அந்தப் படம் செல்லாக்காசு. அவர்கள் வரைந்தது பின்னர்ச் சுண்ணாம்புக் கல்லின் மேல் மெழுகு மையால் பெயர்க்கப்பட்டு, கல்லச்சு முறையில் பிரதிகளாயிற்று. ஓவியரின் பெயரைப் படத்தின் அடியிலே பொறிக்கும் நேர்மை வைட்டிடம் இருந்தது. அதற்கு மேலும் ஒரு படி சென்று, ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். பிற்கால ஆராய்ச்சியில் அச்செடி வேறொரு பேரினத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டதால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. எனினும், ஊழியர்களின் பெயரை ஏட்டில்கூட எழுதாத காலத்திலே, ஓர் இந்தியத் தொழிலாளியின் பெயரைப் பூவுக்கு வைத்த அச்செய்கை, வைட்டின் நெஞ்சம் எத்தகையது என்பதைக் காட்டப் போதுமானது. 2007-இல் எடின்பரோ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி என்னும் அறிஞர், வைட்டையும் அவருடைய ஓவியர்களையும் பற்றி மூன்று பாகங்களில் எழுதிய நூல், ரங்கய்யா கோவிந்து ஆகியோரின் கலையை மறுபடியும் உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தது.

ஓய்வுபெற்ற வைட், ரெடிங் நகரத்துக்கு அருகில் ஒரு பண்ணையை வாங்கி வாழ்ந்தார். பருத்தி அவரை விட்டபாடில்லை. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டு, மான்செஸ்டருக்கு வரும் பஞ்சு நின்றுபோய், இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தபோது, அமெரிக்க முறையையும் இந்திய முறையையும் ஒப்பிட்டுப் பருத்திச் சாகுபடியைப் பற்றி 1862-இல் அவர் மறுபடியும் எழுதினார். அதே 1862-இல்தான் சென்னையிலிருந்து மேற்கே நீண்டுவந்த ரயில் பாதை ஈரோட்டைக் கடந்து போத்தனூர் வரை திறக்கப்பட்டது. ஊத்துக்குளி, திருப்பூர்ப் பக்கத்துப் பஞ்சுப் பொதிகளுக்குத் துறைமுகங்களின் வாசல் திறந்தது. தம் உலர்தாவரத் தொகுதியைக் கியூ தாவரத் தோட்டத்துக்கு 1871-இல் வழங்கிவிட்டு, மறு ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி வைட் காலமானார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால், அவருடைய பருத்திப் பணியை வீண் முயற்சி என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் விதைகளுக்கு மனிதரைவிடப் பொறுமை அதிகம். 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்தோசீனாவிலிருந்து ஒரு பருத்தி விதை சென்னை ராஜதானிக்கு வந்தது. வந்த இடத்தின் பெயராலேயே 'கம்போடியா' என்று அது வழங்கலாயிற்று. அது பிறப்பால் அமெரிக்கப் பருத்தியே. கீழை நாடுகளின் வெப்பத்தில் பல காலம் பழகி, இலைகளில் ரோமம் அடர்ந்து, தத்துப்பூச்சியைத் தாங்கும் உடல் பெற்றிருந்தது. கோயம்புத்தூர் ஜில்லாவின் குடியானவர் அதை மானாவாரிக் காட்டில் விதைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கிணற்றுத் தோட்டத்தில் நட்டு, கவலை பூட்டி நீர் இறைத்து வளர்த்தார்கள். செம்மண் தோட்டமும், கிணற்று நீரும், பழகிய விதையும் ஒன்றுகூடிய அந்த இடத்தில், அறுபது ஆண்டுகளுக்கு முன் கைகூடாத காரியம் எவருடைய வற்புறுத்தலுமின்றிக் கைகூடியது. நாடமும் உப்பமும் மெல்ல மெல்லப் பின்வாங்கின. கம்போடியாப் பருத்திக்குத் திருப்பூர் பெயர்பெற்ற சந்தையாயிற்று; பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஆலைகள் எழுந்தன.

பலனைக் கண்டவர்கள் செடியைப் பிடுங்க மனமின்றி மறு ஆண்டுக்கும் காட்டிலேயே விட்டுவைத்ததால், பூச்சிகள் அதில் தங்கிப் பெருகின. அவற்றைத் தடுக்க, 1919-இல் இயற்றிய சென்னைப் பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டத்தின்படி, குறித்த நாளுக்குள் பழைய கம்போடியாச் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டுமென்று சர்க்கார் கட்டளையிட்டது. நாடம் பருத்தியைச் சில ஆண்டுகள் விட்டுவைத்துப் பழகிய கைகளுக்குப் புதிய பயிர் கற்றுக்கொடுத்த புதிய ஒழுக்கம் அது. மண்ணிடம் சாஸ்திரம் கற்றுக்கொள்ள வேண்டியது போலவே, சாஸ்திரத்திடம் குடியானவரும் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

சைதாப்பேட்டையில் இருந்த வேளாண்மைக் கல்வி, இதற்கிடையே கோயம்புத்தூருக்கு இடம் பெயர்ந்திருந்தது. 1909-இல் அங்கே கல்லூரி திறக்கப்பட்டது. வைட் ஒருவராகச் சுமந்த ஆராய்ச்சியை இப்போது ஒரு ஸ்தாபனம் சுமந்தது. ராமநாத ஐயர் முதலிய நம்மவர்களே பருத்தி நிபுணர்களாயினர். நம் பழைய பருத்திகளின் உயிரணுவில் குரோமோசோம்கள் 26, அமெரிக்க இனத்தில் 52. ஆகையால் இரண்டையும் கலந்து வளமான சந்ததி பெறுவது எளிதன்று என்னும் சூட்சுமம் இருபதாம் நூற்றாண்டின் சாஸ்திரத்துக்கே புலப்பட்டது. கம்போடியாப் பருத்தியிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 2 என்னும் ரகம், அதன் வழியில் வந்த எம்.சி.யூ. வரிசை, 1968-இல் வெளியான எம்.சி.யூ. 5, 1974-இல் சுஜாதா என்னும் ரகத்தையும் மேற்கிந்தியத் தீவாகிய செயின்ட் வின்சென்ட்டின் பருத்தியையும் கலந்து, இரண்டின் பெயரையும் இணைத்துச் சூட்டிய 'சுவின்' ஆகிய யாவும் கோயம்புத்தூர் மண் தந்த பிள்ளைகள். நூறு நம்பருக்கு மேற்பட்ட மெல்லிய நூலாக இழுக்கக்கூடிய சுவின், இந்தியப் பருத்திகளுள் தலைசிறந்த ஒன்றாகப் போற்றப்பட்டது. அதற்கெல்லாம் முன்னர், 1925-ஐ ஒட்டித் திருப்பூரில் கையால் சுழற்றும் பின்னல் இயந்திரங்கள் ஓடத்தொடங்கியதற்கும், பின்னாளில் பனியன் தொழில் அங்கே ஆலமரமாய் விரிந்ததற்கும், பருத்திச் சந்தை, ஜின்னிங், நூற்பாலை என்று படிப்படியாக அமைந்த இந்த அடித்தளமே காரணம்.

ஆகவே, வைட் தோற்றாரா, வென்றாரா? என் எண்ணத்தில், அவர் பாதி உண்மையைக் கண்டிருந்தார். அமெரிக்கப் பருத்தி இங்கே விளையும் என்று அவர் சொன்னது மெய்யாயிற்று. ஆனால் எந்த விதையும் இன்னொரு நாட்டின் மண்ணுக்குச் சொந்தமாவதற்குக் காலம் வேண்டும், நீர் வேண்டும், குடியானவரின் சம்மதம் வேண்டும். இவற்றை ஆலை முதலாளிகளின் அவசரத்தைக் கொண்டு வாங்க இயலாது என்பது மறுபாதி உண்மை. அந்த மறுபாதி நாடம் விதைத்த நம் முன்னோரிடம் இருந்தது. இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று கேட்டறிந்திருந்தால், அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தச் சீமை செழித்திருக்கக் கூடும்.

இன்று திருப்பூருக்கு வரும் பஞ்சும் நூலும் பெரும்பாலும் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் தெலங்கானாவிலும் விளைந்த பருத்தியிலிருந்து வருகின்றன. கொங்குக் காடுகளில் கிணறு வற்றியதாலும், கூலியாட்கள் கம்பெனிகளுக்குப் போய்விட்டதாலும், பருத்தி பின்வாங்கிவிட்டது. இது காலத்தின் போக்கு. இதற்காக எவரையும் நோவதற்கில்லை. எனினும், பனியன் தைக்கும் கையும், அந்தப் பனியனை உடுத்தும் உடலும், பஞ்சு ஒரு செடியிலே பூத்துக் காய்த்து வெடித்தது என்பதையும், அதற்குப் பின்னே உழவரும் ஆராய்ச்சியாளரும் ஓவியரும் நின்றார்கள் என்பதையும் அறியாமலே போவது நமக்கு நஷ்டம். நம் பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, ஒரு பாத்தியில் நாடமோ, கருங்கண்ணி என்னும் மற்றொரு நாட்டுப் பருத்தியோ விதைத்து, அருகிலே கம்போடியா வழிவந்த ஒரு செடியையும் நட்டு, இரண்டின் இலையையும் வேரையும் இழையையும் அவர்கள் தாமே ஒப்பிட்டு வரைந்து பார்க்கும்படி செய்தால், அதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் வேறில்லை.

அப்படி அவர்கள் வெளியே வரும்போது, முதலில் கண்ணில் படுவது அந்தக் கிளுவை வேலியாகத்தான் இருக்கும். அதன் கொம்பு ஒன்றை ஒடித்து ஊன்றிப் பாருங்கள் என்று சொல்லலாம். மண்ணுக்கும் மழைக்கும் இசைந்த செடிக்கு உத்தரவு எதுவும் தேவைப்படுவதில்லை. ஐப்பசி மழைக்குள் அது தானே தழைத்துவிடும். கோயம்புத்தூரில் வைட் துரை பதினோரு ஆண்டுகளில் கற்ற பாடத்தை, குன்னத்தூர்ப் பிள்ளை ஒரு பருவத்திலேயே அந்தக் கொம்பிலிருந்து கற்றுக்கொள்ளும்.